கைக்கு வராத வரைபடம்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இஸ்ரேல்-பாலஸ்தீனப் பின்னணிக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் 2008 செப்டம்பர் 16-இல்தான் போய் நிற்கிறேன். ஜெருசலேமில் இஸ்ரேல் பிரதமர் எஹுட் ஓல்மெர்ட், வரப்போகும் பாலஸ்தீன அரசின் எல்லையைக் காட்டும் வரைபடத்தை விரிக்கிறார். பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் பிரதி கேட்கிறார். முதலில் கையொப்பம், பிறகு பிரதி என்கிறார் ஓல்மெர்ட். ரமல்லா திரும்பிய அப்பாஸ் நினைவிலிருந்து ஒரு தாளில் கோடு போட்டு வைக்கிறார். அதைப் பேச வேண்டிய இரு தரப்பு நிபுணர்கள் கூடவே இல்லை.

பத்திரத்தின் நகலைத் தராமல் கையெழுத்து கேட்டால் யார் போடுவார்கள்? ஓல்மெர்ட் சொன்னது: மேற்குக் கரையில் 6.3 சதவீதம் இஸ்ரேலுக்கு, ஈடாகப் பாலஸ்தீனத்துக்கு 5.8 சதவீத நிலமும் காசாவுக்கு ஒரு பாதையும். இஸ்ரேலுக்குப் போகலாம் என்று பாலஸ்தீனத் தரப்பு சொன்னதோ 1.9 சதவீதம். பேசித் தீர்க்கக்கூடிய இடைவெளிதானே என்று தோன்றும். ஆனால் எதில் சதவீதம் என்பதிலேயே வில்லங்கம். 2000-இல் அமெரிக்காவின் காம்ப் டேவிட்டில் நடந்த பேச்சுவார்த்தையில் கிழக்கு ஜெருசலேம் (சுமார் 71 சதுர கி.மீ.), லத்ரூன் அருகே யாருக்கும் சேராத நிலம் (50), சாக்கடல் நீர்ப்பரப்பு (195) மூன்றையும் இஸ்ரேல் மொத்தக் கணக்கில் சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு ஏரியல். பச்சைக் கோட்டிலிருந்து (1967 போருக்கு முந்தைய எல்லை) கிட்டத்தட்ட 20 கி.மீ. மேற்குக் கரைக்கு உள்ளே இருக்கும் இஸ்ரேலியக் குடியிருப்பு. அதை இஸ்ரேலோடு சேர்க்க நீளும் துண்டு பரப்பில் சொற்பம்தான். ஆனால் பாலஸ்தீன ஊர்களின் நடுவே நுழைகிறது, அடியில் நிலத்தடி நீரும் இருக்கிறது.

ஓல்மெர்ட் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பிரதியைக் கொடுத்தால் அடுத்த பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். விட்டுக்கொடுத்தவர் அவர் மட்டும் என்றாகும். ஊழல் விசாரணையில் சிக்கி, பதவி விலகுவதாக ஜூலையிலேயே அறிவித்தவர். அவர் கட்சிக்குப் புதுத் தலைவர் தேர்தல் மறுநாள். அப்பாஸுக்கோ 2007 ஜூனிலிருந்து காசா கையில் இல்லை, ஹமாஸ் வசம் போய்விட்டது. இருவர் கையெழுத்தும் எவ்வளவு செல்லுபடியாகியிருக்கும்?

இந்த இடத்தில் குறிப்பை முடித்துவிடலாம்; பல முறை அப்படித்தான் முடிக்கிறேன். வரைபடத்தைப் படிக்க விடாததால் மறுத்தேன் என்று 2015-இல் அப்பாஸே சொன்னார், அதுவும் வசதியாகப் பொருந்துகிறது. அகதிகள் விஷயம்தான் உறுத்துகிறது. இஸ்ரேலுக்குள் திரும்ப ஓல்மெர்ட் அனுமதிக்கச் சொன்னது ஆண்டுக்கு 1,000 பாலஸ்தீன அகதிகளை, அதுவும் ஐந்தாண்டுக்கு. ஐ.நா. பதிவேட்டில் அப்போதே 40 லட்சத்துக்கு மேல். வரைபடம் கைக்கு வந்திருந்தாலும் இங்கே தட்டியிருக்காதா? தட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் குறிப்பில் முதலில் எழுதுவது வரைபடத்தைத்தான். ஏனென்றால் காலத்தோடு மோசமாகிக்கொண்டே போவது நிலக்கணக்கு. அன்று மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, குடியேறிகள் 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று 5 லட்சத்துக்கு மேல். எல்லைக் கோட்டுக்குப் பாலஸ்தீனப் பக்கம் விழும் குடியேறிகளை எந்த இஸ்ரேலிய அரசு எழுப்பும்? 2005-இல் காசாவிலிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் குடியேறிகளை வெளியேற்றவே ராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது.