கையெழுத்துக்கு மட்டும் ஓர் அறங்காவலரா?

அறக்கட்டளையில் அறங்காவலராகச் சேரும்படி யாராவது அழைத்தால், பலர் அதை ஒரு மரியாதையாக எண்ணி, அறக்கட்டளைப் பத்திரத்தைப் படிக்காமலே சம்மதித்துவிடுகிறார்கள். சம்மதித்த நாள் முதல் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் அவர்களிடம் வருகிறது. அதன் பலனோ முழுவதும் பயனாளிகளுக்கே உரியது. யாருக்காக, எந்த நோக்கத்துக்காக, எந்த வரம்புக்குள் செலவிடலாம் என்பதைப் பத்திரமே சொல்வதால், அதை வரிவரியாகப் படிப்பதுதான் அறங்காவலரின் முதல் வேலை என்பேன். கல்வி உதவிக்கென்று மட்டும் எழுதிவைத்த பணத்தை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு வேறு காரியத்துக்குக் கொடுத்தாலும், அது பொறுப்பை மீறிய செயலே.

சொந்த ஆதாயம் தேடக் கூடாது என்ற விதி எவ்வளவு கடுமையானது என்பதை 1726இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கு காட்டுகிறது. ஒரு சிறுவனுக்காக ஒரு சந்தையின் குத்தகையை நிர்வகித்துவந்த அறங்காவலர், அதைச் சிறுவன் பெயரில் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்தபோது, தம் பெயரில் எடுத்துக்கொண்டார். சிறுவனுக்கு எப்படியும் கிடைத்திருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் குத்தகையைச் சிறுவனுக்கே மாற்றித் தந்து, ஈட்டிய லாபத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், அவர் ஒருவர் மட்டும் எடுத்திருக்கக் கூடாது என்றார் நீதிபதி. அறங்காவலர் ஏமாற்றினாரா என்ற கேள்வியே அங்கு முக்கியமாகவில்லை. எனக்கு இந்தக் கடுமை நியாயமாகவே படுகிறது, ஏனெனில் ஒருமுறை விலக்கு அளித்தால், புதுப்பிக்க முழுமனதோடு முயன்றாரா என்பதை அந்தச் சிறுவன் ஒருநாளும் அறிய முடியாது.

முதலீட்டு விஷயத்தில் 1830இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் வகுத்த அளவுகோல் பலருக்கும் தெரிந்தது: விவேகமுள்ள ஒருவர் தம் பணத்தைச் சூதாட்டமாக அல்லாமல், நிலையான வருமானத்தையும் முதலின் பாதுகாப்பையும் கருதி எப்படிக் கையாள்வாரோ, அப்படிக் கையாள வேண்டும். நஷ்டம் வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். விசாரிக்காமல் முதலிட்டிருந்தால் கேள்வி எழும்.

நான் மிகவும் கவலைப்படுவது கூட்டத்தில் பேசாமல் இருப்பவர்களைப் பற்றித்தான். செயலில் இறங்குபவர் ஒருவர், கையெழுத்திடுபவர் மற்றவர் என்ற பிரிவினையைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சக அறங்காவலரின் தவறு தெரிந்தும் தடுக்காதவர், இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பில் பங்காளி ஆகிறார். கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ ஆலோசனை கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஆனால் முடிவெடுக்கும் கடமையை அவர்களிடம் ஒப்படைத்துவிட முடியாது. ஆகவே வங்கிக் கணக்கு அறிக்கையைக் காட்டும்படி கேட்கத் தயங்க வேண்டாம், அது யாரையும் சந்தேகிப்பதாகாது. ஒரு தீர்மானம் பத்திரத்துக்கு முரணாகத் தோன்றினால், உங்கள் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். அதோடு நில்லாமல் அதைத் தடுக்கவும் முயலுங்கள். விலகிவிட்டாலும், பதவியில் இருந்த காலத்தின் செயல்களுக்கு நீங்கள் பதில் சொல்ல நேரலாம்.