தாழ்ப்பாள்

குழந்தைகள் இதய நோய் ஓ.பி.யில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், மயக்கம் என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்டது "எத்தனை தடவை விழுந்தே?" என்பதைத்தான். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஈ.சி.ஜி.க்கு அனுப்புவேன். ஓடும்போது விழுந்ததா, சத்தம் கேட்டு விழுந்ததா, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தார்களா என்று டாக்டர் விசாரிப்பார். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் தவறிப்போகக் கூடாதே. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இருக்காது. நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும். ஒரு கட்டத்தில் நாடித்துடிப்பும் பிரஷரும் சட்டென இறங்கிப் பிள்ளை சாய்ந்துவிடும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சீக்கிரம் கண் விழித்துவிடும். "பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்புவோம்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு வருடத்தில் இரண்டே முறை, இரண்டும் காலை பிரேயரில். இரண்டாம் முறை கைகால் லேசாக வெட்டியிருக்கிறது. இந்த மயக்கத்தில் அப்படியும் வருவதுண்டு. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு 'வலிப்பு' என்றே பேர்.

அப்போதுதான் எங்கள் பிரிவில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பெட்ஸ்க்யூஎல் படிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தோம். ஜேம்ஸ் வார்னி உருவாக்கியது. 23 கேள்விகள்: உடல் பற்றி 8, உணர்வு, பழகுதல், பள்ளி பற்றித் தலா 5. கடந்த ஒரு மாதத்தில் எது எவ்வளவு தொல்லையாக இருந்தது என்று 0 முதல் 4 வரை வட்டமிட வேண்டும். 0 என்றால் 100 மதிப்பெண், 4 என்றால் பூஜ்யம். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். அன்று கூட்டம் அதிகம்; இரண்டையும் அம்மாவிடமே நீட்டிவிட்டேன். இரண்டையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அந்தத் தாள்களைத் திருப்பி அனுப்பிய பிறகு, அவளை எடை பார்க்கும் அறைக்குத் தனியாக அழைத்துப் போய்ப் புதுத் தாளை வாசித்துக் காட்டினேன். உணர்வுப் பகுதியில் அம்மா 'பயம்' என்ற இடத்தில் 4 போட்டிருந்தார், 'கோபம்' 0. மகள் பயத்துக்கு 0, கோபத்துக்கு 4. மற்ற மூன்றும் ஒன்று போல. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் ஒரே மதிப்பெண்! மொத்தத்தை மட்டும் கணினியில் ஏற்றியிருந்தால், தாயும் மகளும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்றுதான் நானும் நம்பியிருப்பேன்.

'தானாகக் குளிப்பது' என்ற கேள்விக்கும் 0 போட்டாள், தொல்லையே இல்லை என்று. போட்டுவிட்டு, "குளிக்க முடியும் சிஸ்டர். ஆனா தாழ்ப்பாள் போடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. தம்பி இருக்கான், தாத்தா இருக்காரு" என்றாள். அந்தக் கேள்விக்கு 100 மதிப்பெண். உடம்பால் முடிகிறதா என்று கேட்கத் தாளில் இடம் இருக்கிறது. வீடு விடுகிறதா என்று கேட்க இடமில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தேன். அதன் பிறகு எல்லாத் தாள்களிலும் அந்த ஓரத்தை நிரப்புகிறேன்.

தண்ணீர் நிறையக் குடி என்று எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காததால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். சாப்பாடும் மதியம்தான். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இந்த வயதுப் பெண்கள் வெறும் வயிற்றோடு, தொண்டை காய, வெயிலில் நிற்கிறார்கள். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

தலை சுற்ற ஆரம்பித்ததும் கால்களைப் பின்னி இறுக்குவது, முஷ்டியை மடக்குவது, முடியாவிட்டால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுவது என்று சொல்லிக் கொடுத்தோம். அம்மாவிடம் தனியே அரை மணி நேரம் பேசினேன். "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு சிஸ்டர்" என்று அழுதார்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். இடையில் ஒருமுறை மயங்கியிருக்கிறாள். அதை அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்: "இப்போ ஸ்டூல்ல உக்காந்து குளிக்கிறேன் சிஸ்டர், தாழ்ப்பாள் போட்டுத்தான். அம்மா வெளியில நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, நான் 'ம்' சொல்லணும்."