ராஜ்தூத் 350-இன் இரட்டைக் கார்புரேட்டர்கள்

1980-களின் நடுப்பகுதியில் நாங்கள் பாலிடெக்னிக்கில் படித்தபோது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அது தனி மாவட்டமானது 2004-இல். அன்று பெங்களூர் சாலையில் ஓடிய புல்லட், யெஸ்டி, ஓசூரில் தயாரான டி.வி.எஸ். மொபெட் எல்லாமே ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். ஆகவே, யமஹா ஆர்.டி. 350-ஐ அடிப்படையாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ராஜ்தூத் 350 ஒன்றைக் கிரானைட் குவாரிக்காரர் ஒருவர் எங்கள் பணிமனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, வகுப்பு முழுவதும் அதைச் சுற்றி நின்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் தனிக் கார்புரேட்டர். மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி உதறுகிறது, பெட்ரோலையும் குடிக்கிறது என்பது அவருடைய குறை. (பெட்ரோல் குடிப்பது அந்த வண்டியின் பிறவிக் குணம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.)

எங்கள் பணிமனை ஆசிரியர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. “முதல்ல பிளக்கைப் பாருங்கப்பா” என்றார். தீப்பொறியைக் கவனிக்கும் பிளக், பாயிண்ட், டைமிங், பிறகு ஏர் ஃபில்டர், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் காற்றுக் கசிவு ஆகியவற்றை முடிக்காமல் இரு கார்புரேட்டர்களும் ஒரே அளவு திறக்கும்படி சமன்செய்வது, வேறெங்கோ இருக்கும் கோளாற்றைத் திருகாணியால் மூடி மறைப்பதாகும் என்பது அவர் கட்சி. நாங்கள் பொறுமையிழந்தோம், அவர் இழக்கவில்லை.

அந்த வண்டியில் கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள், டாங்கிக்கு அடியில் மூன்றாகப் பிரிகிறது: இரண்டு கார்புரேட்டர்களுக்கு, மூன்றாவது, எஞ்சினுக்குள் எண்ணெய் செலுத்தும் ஆயில் பம்புக்கு. ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) ஸ்லைடு, அதாவது கார்புரேட்டரின் வாயில் ஏறியிறங்கிக் காற்றை விடும் அடைப்பு, மிகக் கொஞ்சமே திறந்திருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் வேறுபாடு என்பது உள்ளே போகும் காற்றில் பெரும்பங்கு. வாய் முழுதும் திறந்தபின் அதே அரை மில்லிமீட்டரால் ஒன்றும் ஆகாது. உதறல் மெதுவான ஓட்டத்தில் மட்டும் வந்ததற்குக் காரணம் இதுவே. ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றி, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளின் மழுங்கிய முனைகளை இரு ஸ்லைடுகளுக்கும் அடியில் வைத்து, ஐட்லிங் திருகாணிகளால் உயரத்தை அவர் ஒன்றாக்கினார். பிறகு ஒருவன் கைப்பிடியை மயிரிழையாகத் திருக, மற்றொருவன் இரு வாய்களுக்குள்ளும் விரல் வைத்து, எந்த ஸ்லைடு முந்தி எழுகிறது என்று சொல்ல வேண்டும்; முந்துவதன் கேபிளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். என்னைக் கேட்டால், ஐட்லிங்கைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். எஞ்சின் சூடானபின், இரண்டு சைலன்சர்களின் பின்னாலும் உள்ளங்கையைப் பிடித்து அடிப்பு ஒத்திருக்கிறதா என்று பார்த்தோம். கடைசியாக ஆயில் பம்பிலுள்ள குறி சரியான இடத்தில் நிற்கும்படி அதன் கேபிளையும் சரிசெய்தார். கார்புரேட்டர் கேபிள்களை மாற்றியபின் அதைப் பார்க்காமல் விட்டால், எண்ணெய் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். ஹாண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஐட்லிங் ஏறவில்லை என்று உறுதிசெய்தபின்பே வண்டியைக் கொடுத்தார்.

வளைகுடா நாட்டிற்கு வந்தபின், விடுமுறை நாட்களில் நண்பர்களின் நான்கு சிலிண்டர் ஹோண்டாக்களைப் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது. 1969-இல் வந்த சி.பி. 750-இன் முதல் வண்டிகளில் ஒரே கேபிள் நான்காகப் பிரிந்தது. பிந்தியவற்றில் நான்கையும் ஒரே இணைப்புக் கம்பி திறக்கிறது. இங்கே விரலுக்குப் பதில், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சும் விசையைக் காட்டும் வாக்குவம் கேஜ். நான்கு குழாய்களை மாட்டி, பல ஜப்பானிய வண்டிகளில் இடது இரண்டைத் தமக்குள்ளும், வலது இரண்டைத் தமக்குள்ளும் சமன்செய்து, பிறகு நடுத் திருகாணியால் இரு சோடிகளையும் சேர்க்க வேண்டும். டாங்கியைக் கழற்றிவிடுவதால் பெட்ரோலுக்குத் தனிப் புட்டி தொங்கும். நின்ற இடத்திலேயே ஓடும் எஞ்சின் இந்தப் பாலைவன வெயிலில் கொதித்துவிடாதிருக்க முன்னால் பெரிய மின்விசிறி ஓட வேண்டும். நண்பர்கள் வந்ததும் வாக்குவம் கேஜைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். நான் வால்வு இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) முதலில் எடுக்கிறேன். அவர்களுக்கும் பொறுமை இருப்பதில்லை.