பெட்டிகளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள்

அடுத்த மாதம் என் தங்கை முதன்முறையாகப் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியே குடிபோகிறாள். வேலை கிடைத்திருக்கும் ஊர் தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய வாடகை வீட்டையும் பார்த்து முடித்துவிட்டாள். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டாள். ஆறு ஆண்டுகளுக்கு முன், என்னுடைய 24ஆம் வயதில், அதே வாசலைத் தாண்டிப் போனவள் நான். எழுத உட்கார்ந்தால் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கு உண்மையில் சொல்ல நினைத்தது அதற்குள் அடங்கவில்லை.

அந்த அரைப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ்களின் அசல்களை ஓர் உறையிலும் நகல்களை வேறோர் உறையிலும் வைத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் போடாமல் கொண்டுபோக வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில், வீட்டைக் காலி செய்ய எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்வார்கள், பழுதானால் செலவு யாருடையது என்ற மூன்றையும் கையெழுத்திடுவதற்கு முன்பே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டிகளை உள்ளே வைப்பதற்கு முன், வெறும் வீடாக இருக்கும்போதே சுவரின் விரிசல், தரையின் கறை, குழாயின் கசிவு ஆகியவற்றைப் படம் எடுத்து, மின்சார மீட்டர் காட்டும் எண்ணையும் சேர்த்து அன்றைக்கே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடுவது நல்லது. பின்னால் ஒரு பேச்சு வந்தால் அந்தத் தேதி பேசும். மெயின் சுவிட்சும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை தன் கையாலேயே மூடித் திறந்து பார்க்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. நான்காவது வாரத்தில் ஓர் இரவு குழாயின் இணைப்பு விட்டுப்போய், படுக்கை வரை தண்ணீர் பரவிய பிறகுதான் அந்த வால்வைத் தேடினேன்.

இனி, பட்டியலுக்குள் வராதது.

முதல் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. களைப்பில் கண்ணை மூடினாலும் மாடிப்படியில் யாரோ நடக்கும் ஓசைக்கும், பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும் ஓசைக்கும் விழித்துக்கொண்டே இருந்தேன். நான் பயந்தவள், தனியே வாழத் தகுதியில்லாதவள் என்று அந்த இரவிலேயே முடிவு கட்டிவிட்டேன். அதற்கு வேறொரு விளக்கம் இருக்கிறது என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு உறக்கம் கெடுவதை உறக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகவே அறிந்திருந்தார்கள். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதன் காரணத்தை நெருங்கிப் பார்த்தார்கள். புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இரு பாதிகளும் ஒரே ஆழத்தில் உறங்குவதில்லை என்றும், இடப் பாதியின் ஒரு பகுதி மேலோட்டமாகவே உறங்கி, வழக்கத்துக்கு மாறான ஓசைகளுக்குக் காது கொடுத்துக் காவல் இருக்கிறது என்றும் கண்டார்கள். அதே இடத்தில் மறுமுறை உறங்கியபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஒரு பாதி மூளை விழித்திருக்க மறு பாதி உறங்கும் இயல்பு டால்பின்களுக்கு உண்டு. அதன் சாயல் நமக்குள்ளும் இருக்கிறது என்பது அந்த இரவில் எனக்குத் தெரிந்திருந்தால், என்னை அவ்வளவு கடுமையாகத் தீர்ப்பிட்டிருக்க மாட்டேன்.

இரவுகள் ஒரு வாரத்தில் சரியாயின. பகல்கள் அப்படி ஆகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும் நேரம்தான் ஒவ்வொரு நாளும் கனத்தது. உள்ளே விளக்கு எரியாது. காலையில் நான் வைத்துவிட்டுப் போன கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் இருந்தவரை, பொருள்கள் தாமே இடம் மாறித் தம் இடத்துக்குத் திரும்பிவிடும் என்பதுபோல நான் வாழ்ந்திருக்கிறேன். யாரோ ஒருவர் நாள் முழுவதும் அவற்றை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கோப்பையைப் பார்த்தபோது உறைத்தது. பதினோராம் நாள் மாலை பெட்டியை மீண்டும் எடுத்து, துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினேன். இவ்வளவு வலிக்கிறது என்றால் எடுத்த முடிவு தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பது அன்று எனக்கு மறுக்க முடியாத நியாயமாகத் தோன்றியது.

தங்கையிடம் சொல்ல விரும்புவது இந்த ஓர் இடத்தைப் பற்றித்தான். அந்த வலி முடிவின் சரி தவறைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. விரும்பிக் கிளம்பியவர்களுக்கும் அது வருகிறது. நல்ல வீடும் நல்ல வேலையும் அமைந்தவர்களுக்கும் வருகிறது. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இந்த ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதித் தம் ஆய்வேட்டை எழுதினார். திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். இன்று பழைய நினைவுகளின் இனிமையைக் குறிக்கும் அந்தச் சொல், பிறந்தபோது வீட்டைப் பிரிந்தவரின் உடல்நோயைக் குறித்தது. அவர் விவரித்தவர்களில், படிப்பதற்காகப் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்கு வந்து நோயுற்ற ஓர் இளைஞரும் உண்டு. ஊருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு நடந்ததுமே அவர் தேறத் தொடங்கிவிட்டாராம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதை மருந்து தேட வேண்டிய நோயாகவே எண்ணியிருக்கிறார் என்பது, எனக்கு நேர்ந்தது என்னுடைய தனிப்பட்ட பலவீனம் இல்லை என்ற ஆறுதலைத் தந்தது.

பதினோராம் நாள் நான் கிளம்பாததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. பெட்டியை மூடுவதற்குள் அம்மா அழைத்தார். அதுவரை பத்து நாளும் “நன்றாக இருக்கிறேன்” என்றே சொல்லிவந்த நான், அன்று இல்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா திரும்பி வரச் சொல்லவுமில்லை, அங்கேயே இருக்கச் சொல்லவுமில்லை. “இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார், பிறகு பேசுவோம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் என்று எனக்கே தோன்றியது. கவலைப்படுவார்களே என்று பெற்றோரிடம் மறைப்பதைப் பலரும் பொறுப்புணர்வு என்று நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். மறைத்த பத்து நாளும் அம்மாவுக்கு என் குரலிலேயே எல்லாம் தெரிந்திருந்தது என்றும், நான் சொல்லாததால் அவரும் கேட்க முடியாமல் தவித்தார் என்றும் பின்னால் அப்பா சொன்னார். இரு பக்கமும் தனித்தனியே கவலைப்பட்டதுதான் மிச்சம்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் அவர் வீட்டைச் சுற்றி வந்து கதவுத் தாழ்களையும் அடுப்பையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். அந்தக் காலடி ஓசை எனக்கு இரவு வந்துவிட்டதற்கான அடையாளமாக மட்டுமே இருந்தது. தனியே வந்த பிறகு, காலையில் பாதி வழி போன பின் கதவைப் பூட்டினேனா என்ற ஐயம் வந்து திரும்பி ஓடிய நாள்கள் பல. ஒரு செயல் எண்ணாமலே நடக்கும் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணவில்லை. ஓர் இரவு, படுப்பதற்கு முன் தாழைத் தொட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, என் காலடி ஓசை அப்பாவுடையதைப் போலவே கேட்டது.

மூன்று மாதம் கழித்து முதன்முறையாக வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு மணம் வந்து மோதியது. பழைய புத்தகம், வெயிலில் காய்ந்த துணி, மரக் கதவு எல்லாம் கலந்த மணம் அது. அதற்குமேல் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 24 ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தும் அதை நான் ஒருநாளும் நுகர்ந்ததில்லை. ஓயாமல் வந்துகொண்டிருக்கும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் உணராமல் விட்டுவிடும். அதனால் தம் வீட்டின் மணம் அதில் வாழ்பவர்களுக்குத் தெரிவதில்லை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவே தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தே மேலே போகின்றன. மணம் அந்தச் சுற்றுவழியில் போகாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகச் சென்று தொடுகிறது. கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. அந்த வீட்டின் மணம் எனக்குத் தெரிகிறது என்றால் நான் அதற்கு வெளியே போய்விட்டேன் என்றுதான் பொருள். மகிழ்ச்சியும் துக்கமும் சேர்ந்து வந்த அந்த நொடியைத் தங்கையும் அடைவாள் என்பதால், இதை முன்கூட்டியே சொல்லலாமா என்று தயங்கினேன், சொல்லிவிட்டேன்.

என் கை மட்டும் வெகுநாள் புதிய வீட்டுக்கு வந்து சேரவில்லை. வாடகை வீட்டில் விளக்கின் சுவிட்ச் கதவுக்கு வலப் பக்கம் இருக்கிறது. பெற்றோர் வீட்டில், நானும் தங்கையும் பகிர்ந்துகொண்ட அறையில் அது இடப் பக்கம். பல மாதங்கள் இருட்டில் என் கை இடப் பக்கத்து வெறுஞ்சுவரையே தடவிக்கொண்டிருந்தது.

போன வாரம், அவளுக்குப் பெட்டி அடுக்க உதவுவதற்காக வீட்டுக்குப் போயிருந்தேன். இரவில் மின்சாரம் போய்த் திரும்பியபோது, அறையின் விளக்கைப் போடக் கையை நீட்டினேன். கை வலப் பக்கத்துச் சுவரைத் தடவியது. தங்கை எழுந்து வந்து, இடப் பக்கத்துச் சுவிட்சைப் போட்டாள். சிறிது நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றவள், “எப்போதிலிருந்து அக்கா?” என்று கேட்டாள்.