கறுப்பு வயர்

ஏப்ரல் 3, 2025, வியாழன்
வேலை போன பிறகு விசாவில் மிச்சம் 44 நாள். பெட்டி வந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் டிரெய்லருக்கு 30 ஆம்ப் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச்; வெளிக் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்குத் தானாக மாற்றும். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிசு. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "இதுக்கா காசு? கையால தள்ளுற சேஞ்ச்ஓவர் போதாதாடா?"

ஏப்ரல் 4
ராத்திரி எட்டரைக்குப் போன் செய்தேன். அங்கே சனிக்கிழமை காலை ஏழு, அப்பா டயாலிசிஸ் மிஷினில் படுத்திருந்தார். ஊசி குத்திய கையை அசைக்காமல் கேட்டார்: "கறுப்பு நியூட்ரல்தானே?" இல்லப்பா, இங்கே அமெரிக்காவுல கறுப்புலதான் கரண்ட் வரும், வெள்ளைதான் நியூட்ரல் என்றேன். தலையாட்டினார். அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடியும், "கறுப்பு நியூட்ரல்தானே?" முப்பது வருஷம் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று பூட்டிய கை. பச்சையில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

ஏப்ரல் 5, சனி
42. பெடஸ்டல், அதாவது வெளியே டிரெய்லருக்குக் கரண்ட் தரும் கம்பம், அதன் பிரேக்கரை அணைத்தேன், வயரைப் பிடுங்கினேன், பேட்டரியையும் கழற்றினேன். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் வயர் ஒரு பக்கம், ஜெனரேட்டர் வயர் இன்னொரு பக்கம், நடுவிலிருந்து பேனலுக்கு. எல்லாம் 10 கேஜ். முறுக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு வயரை இழுத்துப் பார்க்கணும். ஒன்று கையோடு வந்தது. அப்படியே மூடியிருந்தால்?

ஏப்ரல் 6
மழை. ரெஸ்யூம் இரண்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 9, புதன்
38. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பதா, பிரிப்பதா? மூன்று நாளாய் இதே யோசனை. காலி செய்துவிட்டு வந்த வீட்டில் மெயின் பேனலில் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன, என் கண்ணால் பார்த்தேன். டிரெய்லரில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நியூட்ரலில் திரும்பிப் போகிற கரண்ட் எர்த்திலும் பங்கு பிரித்துக்கொண்டு ஓடும், வெளித்தகரமும் அதே எர்த்தில்தான் இருக்கிறது. குட்டி வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்று கதவைப் பிடிப்பாள். கரண்ட் எங்கிருந்து வருகிறதோ அங்கே மட்டும்தான் இரண்டும் சேரணும். பெடஸ்டலில் வந்தால் அது வெளியிலேயே சேர்ந்திருக்கும். என் ஜெனரேட்டரிலோ சேரவே இல்லை, அதனால்தான் வருகிற கரண்டைச் சோதிக்கும் சர்ஜ் பாக்ஸ் எர்த் இல்லை என்று பிழை காட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் வெள்ளையையும் பச்சையையும் உள்ளே இணைத்த ஒரு பிளக் செருகினேன். பிழை போயிற்று. இவ்வளவு நேரம் யோசித்ததற்கு ஒரு சுண்டுவிரல் பிளக்.

விசா வக்கீல் மெயில் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி
36. சோதனை. பெடஸ்டலை அணைத்தேன், இருட்டு. ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன், அப்போதும் இருட்டு. ஜெனரேட்டர் ஓட்டம் சீராகட்டும் என்று அரை நிமிஷம் பொறுத்துத்தான் பெட்டி மாற்றும், தெரியும். தெரிந்தும் வயிறு கலங்கியது. குட்டி எண்ணினாள், "பதினாறு, பதினெட்டு". பதினேழை எப்போதும் விழுங்கிவிடுவாள். இருபத்தொன்பதில் டக். ஃப்ரிட்ஜ் முனகியது. 118 வோல்ட்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மிஷின் நேரம்.

ஏப்ரல் 12
அப்பாவே கூப்பிட்டார். நேற்று நடுவில் கரண்ட் போச்சாம். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் எடுக்க எத்தனை செகண்டு என்று படுத்தபடியே எண்ணியிருக்கிறார். பன்னிரண்டு. "உன்னுது எத்தனை?" சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார், பிறகு இருமினார். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

டிக்கெட் விலை பார்த்தேன். போனால் திரும்பி வர முடியுமா?

ஏப்ரல் 14, திங்கள்
33. புத்தாண்டு. மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ இல்லை. பெட்டியில் நேற்று இல்லாத ஒரு ரீங்காரம். உள்ளே கரண்டை மாற்றிவிடும் கான்டாக்டரா, லூஸ் ஸ்க்ரூவா? தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. காலையில் திறக்கணும். எட்டரைக்கு முதலில் போன்.