என்டி ஃபில்டரும் கடலும்: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஒளிப்படப் பட்டயப் படிப்பின் கடைசிப் பருவத்தில் கடற்காட்சிகளுக்கென்று தனியாக ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) மாட்டி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த படங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் படங்களை வைத்தே வாய்மொழித் தேர்வு. இதே தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், தேர்வு எதுவும் இல்லாமல் ஆசையால் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் நான் படித்த முறை உதவும் என்று நம்புகிறேன்.

எத்தனை ஸ்டாப், அதாவது ஒளியை எவ்வளவு குறைக்கும் ஃபில்டர் வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் பலரும் தொடங்குகிறார்கள். தேர்வாளர் என்னிடம் முதலில் கேட்டது வேறு: “இந்தப் படத்துக்கு ஏன் இத்தனை நொடி?” இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த ஃபில்டர் என்பது வெறும் கணக்குதான். அதனால் நேரத்தை முதலில் படியுங்கள், ஃபில்டரைப் பிறகு.

நேரத்தைப் படிக்க நல்ல வழி, கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, சட்டகத்தை மாற்றாமல், ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி வரிசையாக எடுப்பது. கால் நொடியிலிருந்து 1 நொடி வரை, கரையேறித் திரும்பும் நீர் வெள்ளை இழைகளாகப் பதியும்; அலை எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்பது படத்திலேயே தெரியும். 2 நொடியிலிருந்து 8 நொடிக்குள் அந்த இழைகள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகும். 30 நொடியைத் தாண்டினால் அலையின் வடிவம் மறைந்து பாறைகளைச் சுற்றிப் பனிமூட்டம் போலாகிவிடும். 2 நிமிடத்துக்கு மேல் போனால், காற்று இருக்கும் நாளில் மேகமும் கோடாக நீளும்.

என்னைக் கேட்டால் கற்பவருக்கு அரை நொடிதான் சிறந்த ஆசிரியர். அலை பின்வாங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் படம் வேறாகிவிடும். நிமிடக் கணக்கில் திறந்து வைக்கும்போது கணத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. அங்கே பாறை, பழைய மரத்தூண் போல அசையாத ஒன்றின் வடிவமே படத்தைத் தாங்கும். அது இல்லையென்றால் வெறும் வெண்பரப்புதான் மிஞ்சும்.

இனி கணக்கு. 1 ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும், நேரம் இரட்டிப்பாகும். ஒரே ஃபில்டரை மூன்று விதமாகக் குறிப்பிடுவார்கள்: 3 ஸ்டாப் என்பதும் என்டி 8 என்பதும் அடர்த்தி 0.9 என்பதும் ஒன்றே. 6 ஸ்டாப் என்றால் என்டி 64, அடர்த்தி 1.8. 10 ஸ்டாப் என்றால் என்டி 1000, அடர்த்தி 3.0. 2-இன் மடக்கை ஏறத்தாழ 0.3 என்பதால் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 0.3 கூடுகிறது. இரண்டு ஃபில்டர்களை அடுக்கினால் என்ன ஆகும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். ஸ்டாப்பையும் அடர்த்தியையும் கூட்ட வேண்டும், என்டி எண்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 3 ஸ்டாப்பும் 6 ஸ்டாப்பும் சேர்ந்தால் 9 ஸ்டாப். 8 பெருக்கல் 64, அதாவது 512 மடங்கு நேரம்.

அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி வந்தால், 6 ஸ்டாப்பில் சுமார் 1 நொடி, 10 ஸ்டாப்பில் சுமார் 17 நொடி. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதை இரட்டித்தோ பாதியாக்கியோ கரையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நேரம் போதவில்லை என்று அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) எஃப் 22 வரை மூடாதீர்கள். சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் கூர்மை குறையும். எஃப் 8, எஃப் 11 போதும்.

ஃபில்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சீரான ஒளி விழும் சுவரை ஃபில்டர் இல்லாமல் ஒருமுறையும், கணக்கிட்ட நேரத்தில் ஃபில்டரோடு ஒருமுறையும் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) ஒப்பிடுங்கள். ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும், 4 நிமிடப் படத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் தேவைப்படும். நிறம் நீலமாகவோ பழுப்பாகவோ சாய்கிறதா என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் அதைச் சரிசெய்வது எளிது.

கரையில் வேலை வரிசை முக்கியம். சட்டகம் அமைத்து, ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஃபில்டரை மாட்ட வேண்டும்; 10 ஸ்டாப் வழியாக ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் தடுமாறும். டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை மூடிவிடுங்கள், பின்பக்க ஒளி கசிந்து படத்தில் பட்டையாக விழும். பெரும்பாலான கேமராக்களில் 30 நொடிக்கு மேல் பல்ப் முறையும் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருப்பது) ரிமோட்டும் தேவை. ஈர மணலில் டிரைபாடை அழுத்தி ஊன்றினாலும், அலை அடியில் மணலை அரித்துக்கொண்டே இருக்கும். நீண்ட நேரப் படங்களுக்குப் பாறைத் தளம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அங்கே நிற்பதற்கு முன் சற்று நேரம் கடலைப் பார்த்து, பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்கவே வேண்டாம்.

அந்தி வேளையில் இன்னொன்று. ஷட்டர் திறந்திருக்கும்போதே வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் கணக்கிட்ட நேரத்துக்குச் சற்றுக் கூட்டியே வைக்க வேண்டும். விடியலில் இது தலைகீழ். ஒவ்வொரு படத்துக்கும் ஃபில்டர் இல்லாத நேரம், மாட்டிய ஃபில்டர், இறுதி நேரம், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்துவைத்தேன். வாய்மொழித் தேர்வில் என் பதில்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தவைதான்.

திருகி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி ஏன் பயன்படுத்தவில்லை என்றும் கேட்டார்கள். அதில் இரண்டு போலரைசர்கள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள்) இருக்கின்றன. அகலக்கோண லென்ஸில் அதிகம் இருட்டாக்கும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கருமை விழும். கடற்காட்சியை நான் பெரும்பாலும் அகலக்கோணத்தில் எடுப்பதால் நிலையான 6 ஸ்டாப்பையும் 10 ஸ்டாப்பையும் தேர்ந்தெடுத்தேன் என்றேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது என்பது அடுத்த கேள்வி. 6 ஸ்டாப் என்றேன்; விடியலிலும் அந்தியிலும் அரை நொடியிலிருந்து சில நொடிகள் வரையான எல்லைக்குள் அதுதான் கொண்டுவந்து சேர்க்கிறது.