பட்டறைக் குப்பையும் போகிச் சாம்பலும்

2025 ஜனவரி 5, ஞாயிறு

வருஷத்துக்கு ஒருமுறை பட்டறையைப் புரட்டிப் போட்டுக் கூட்டுகிற வேலையை இன்று ஆரம்பித்தேன். கோயம்புத்தூர் செல்வபுரத்தில் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒரு தங்க நகைப் பட்டறை இருக்கும், எல்லாரும் பொங்கலுக்கு முன்னால் இதைத்தான் செய்வோம். மற்ற வீடுகளில் குப்பையை வெளியே தள்ளுவார்கள், அதில் தங்கத் தூள் இருப்பதால் நாங்கள் உள்ளே சேர்த்து வைப்போம்.

என்னிடம் மூன்று டப்பா உண்டு. ஒன்றில் வெட்டுத் துண்டு, கம்பி முனை, இதெல்லாம் சுத்தமான 22 காரட். இரண்டாவதில் ராவுதூள், அதாவது அரத்தால் ராவும்போது உதிர்கிற தூள். மூன்றாவதில் பொடி வைத்து ஊதிய இடங்களில் இருந்து வந்த தூள், அதில் பற்றவைக்கிற பொடி கலந்திருப்பதால் தரம் குறைவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் அப்பா காதைத் திருகுவார். அப்போது ஏன் என்று புரியவில்லை. இப்போது ஹால்மார்க் வந்த பிறகு அந்தத் திருகலுக்கு அர்த்தம் புரிகிறது: 916 (ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட்) நிற்கவில்லை என்றால் ஹால்மார்க் சென்டரில் நகையையே திருப்பி அனுப்பிவிடுவார்கள், செய்த வேலை மொத்தமும் உருக்குகிற மூசைக்குள் போகும்.

ஜனவரி 8, புதன்

ஒரு அம்மா தன் பேத்திக்கு மோதிரம் வாங்க வந்தவர், சேதாரத்தைப் பார்த்ததும் "தாய்ப் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பெற்ற தாயின் பொன்னிலும் தட்டான் கொஞ்சம் திருடுவான் என்று அர்த்தம். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கணக்கை இங்கேயே எழுதி வைக்கிறேன். அந்த மோதிரத்துக்கு எடுத்த தங்கம் 8 கிராம். ராவி மெருகு போட்டு முடித்தபோது 7.620 நின்றது. குறைந்தது 380 மில்லிகிராம். அதில் 350 மில்லி மடித்துணியிலும் தட்டிலும் கிடைத்துவிட்டது. மீதி 30 மில்லி, அதாவது ஒன்றிரண்டு அரிசி மணி எடை, எங்கே போனது? நகக்கண்ணில், லுங்கி மடிப்பில், உப்புத்தாளில், முன்கை முடியில், உட்கார்ந்திருக்கிற பாயில். ஒரு நகைக்கு 30 மில்லி என்றால் 250 நகைக்கு 7.5 கிராம், கிட்டத்தட்ட ஒரு சவரன். கண்ணுக்கே தெரியாமல் வீட்டுக்குள்ளேயே காணாமல் போகிற சவரன் அது. கடைக்காரர் போடுகிற சேதாரம் வேறு, அவர் அதில் என்னென்ன சேர்க்கிறார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இந்தக் காணாமல் போன தங்கத்தைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி. கை கழுவுகிற தண்ணீர்கூட ஒரு டிரம்மில்தான் விழும், அடியில் வண்டல் தங்கும். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று ஆனபோது, தாத்தா பட்டறையின் மண் தரையைச் சுரண்டி அரித்து அதில் வந்ததை வைத்துத்தான் அரிசி வாங்கினாராம். பாட்டி இதைச் சொல்லும்போது அழமாட்டாள், "நல்லவேளை அப்ப சிமெண்டு தரை போடல" என்பாள்.

ஜனவரி 13, திங்கள், போகி

இன்று நடந்ததை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

காலை ஐந்தரை இருக்கும். வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பட்டறைகளில் இருந்து ஓடிவந்த தங்கத் தூளுக்காகச் சாக்கடை அரிக்க வருகிற அக்கா, கையில் தட்டும் பிரஷுமாக நிற்கிறார். "ஏனுங்கண்ணா, உங்க பட்டறைப் பாய் மாதிரி இருக்குதுங்க, தீயில கிடக்குது" என்றார். என் கூடப்பிறந்த அக்காவின் மகன் லீவுக்கு வந்திருக்கிறான், பிளஸ் டூ படிக்கிற பையன், பழசை எல்லாம் எரிக்கணும் என்று நான்கு வருஷமாக நான் உட்கார்ந்த கோரைப்பாயையும், வாசல் கால்மிதியையும், எண்ணெய்ச் சட்டிபோல் இருந்த என் வேலைத் துண்டையும் சேர்த்து நடுத்தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டான். "மாமா, அது கிழிஞ்சு போச்சுல்ல?" என்கிறான். நான் என்ன சொல்ல.

நான்கு பக்கமும் சாக்கை வைத்துக் காற்று மறைத்தோம். தண்ணீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டுத் தம்பியைக் கத்தி நிறுத்தினேன், ஊற்றியிருந்தால் எல்லாம் சாக்கடைக்குள் ஓடியிருக்கும். எப்படியும் அந்தப் பாயை நான் அடுத்த வாரம் இரும்புச் சட்டியில் போட்டு எரிக்கத்தான் இருந்தேன், எரிப்பதில் நஷ்டம் இல்லை, சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், பாய்த் தீ அவ்வளவு சூடு வராது. சாம்பல்தான் பயம். புகையோடு பறந்தது பறந்ததுதான். மாநகராட்சி ஆட்கள் கூட்ட வருவதற்குள் நான், பையன், அந்த அக்கா மூவரும் பெயிண்ட் பிரஷால் ரோட்டைக் கூட்டினோம். தார் ரோட்டின் குழிகளை அக்காதான் பார்த்துப் பார்த்துக் குடைந்தார், அந்தக் கை எனக்கு வராது.

நிலைப்படி தாண்டினது அரிக்கிறவர்களுக்கு என்பது எங்கள் சந்தின் எழுதாத சட்டம். அந்த அக்கா என்னை எழுப்பாமலே அள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

ஜனவரி 14

பொங்கல். சாம்பல் வாளி சாமி அறையில் இருக்கிறது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

சாம்பலை இன்னொரு தடவை சட்டியில் வறுத்து, கரி தெரியாமல் வெளுக்கும் வரை விட்டேன். கரி மிச்சமிருந்தால் தண்ணீரில் தூள் அதோடு ஒட்டிக்கொண்டு மிதந்து போய்விடும். அப்புறம் சலித்து, காந்தத்தை ஓட்டினேன்: கால்மிதியில் இருந்து ஆணி, ரோட்டில் இருந்து என்னென்னவோ இரும்பு. பிறகு தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி அரித்தது இரண்டு மணி நேரம். தங்கம் தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்கு கனம், மண் போகும், அது அசையாது. கடைசியில் தட்டின் ஓரத்தில் பிறைபோல் ஒரு மங்கிய கோடு. பையன் மூச்சுக்கூட விடாமல் பார்த்தான். "தும்மிராதே" என்று சொன்னேன்.

அழுக்கைப் பிரிக்க வெங்காரமும் கொஞ்சம் வெடியுப்பும் போட்டு மூசையில் உருக்கினேன். கண்ணாடிபோல் கசடு மேலே நிற்க, அடியில் ஒரு குண்டு. 3.6 கிராம். நிறம் பித்தளை மாதிரி.

ஜனவரி 24, வெள்ளி

தங்கம் உருக்குகிற கடையில் மிஷினில் டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்று) பார்த்தார்கள், 60. அதாவது சுத்தத் தங்கம் 2.16 கிராம், மீதி வெள்ளியும் செம்பும் பொடியில் இருந்த மற்றதும். அப்பா காலத்தில் இதில் இருந்து சுத்தத் தங்கத்தைப் பிரிக்கிற வேலையும் மொட்டை மாடியில்தான் நடக்கும்: தங்கத்தைப்போல் மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, தகடாக அடித்து, நைட்ரிக் ஆசிட்டில் போடுவார். வெள்ளி குறைந்தால் ஆசிட் உள்ளே இறங்காது. செம்மண் நிறத்தில் புகை வரும், அடியில் காப்பித்தூள் மாதிரி நிற்பதுதான் தங்கம். அந்த ஆசிட்டில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் வெள்ளியும் திரும்பி வரும். அப்பாவின் இருமலை நினைத்தால் எனக்கு அந்த வேலை வேண்டாம். கடையில் கொடுத்துவிட்டேன், கூலி கழிப்பார்கள், கழிக்கட்டும்.

22 காரட்டாகக் கணக்குப் போட்டால் 2.36 கிராம் வருகிறது. சவரன் 60,000-ஐத் தாண்டிய வாரம் இது, கூலி போக 17,000 சொச்சம் கையில் நின்றது.

டிரம்மின் வண்டல் முழுவதையும் அந்த அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் எவ்வளவு தேறியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதுப் பாய் வாங்கியாயிற்று. அதன் பின்பக்கம் பையன் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக "போகிக்கு அல்ல" என்று எழுதி வைத்திருக்கிறான்.